தானாக அக்கரை போன படகு

மதியச் சாப்பாடு முடிந்து படகுக்காரி துறைக்குத் திரும்பியபோது படகு இல்லை.

காணாமல் போகவில்லை. ஆற்றின் அந்தப் பக்கம், அக்கரைத் துறையின் படிகளோடு ஒட்டி, கொட்டகையில் விட்ட வண்டியைப் போல ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. பக்கத்திலும் ஆள் இல்லை.

இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. இன்றைக்குச் சாப்பிடப் போகும் முன் படகின் தரை முழுக்க அரித்த மணலைத் தூவிவிட்டுப் போயிருந்தாள். எவனாக இருந்தாலும் காலை வைத்துத்தானே ஆக வேண்டும்?

சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு அக்கரை போய்ப் பார்த்தாள். மணல் அவள் தூவியபடியே கிடந்தது. ஒரு குருவிக்கால் தடம்கூட இல்லை. ஆனால் சுக்கானைத் திருப்பும் இரும்புக் கை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"மணலை மிதிக்காம கையைத் திருப்பியிருக்கான். பறந்து வந்தானா?" என்று படகிடமே கேட்டாள்.

இந்தக் கதையை வாராவாரம் படிப்பவர்களுக்குப் படகைத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகவும், தெரிந்தவர்கள் மறந்திருந்தால் அவர்களுக்காகவும் ஒரு நிமிடம்.

அந்தப் படகுக்கு இன்ஜின் கிடையாது, பாய் கிடையாது. பெரிய துடுப்பும் கிடையாது. இரு கரைகளிலும் இரண்டு இரும்புக் கோபுரங்கள். அவற்றுக்கு நடுவே, ஆற்றுக்கு மேலே, ஒரு கம்பி வடம். வடத்தின் மேல் உருண்டோடும் ஒரு கப்பி. கப்பியிலிருந்து இறங்கும் நீளமான கம்பி, படகின் மூக்கைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.

காற்றாடி விட்டவர்களுக்கு இது உடனே புரியும். நூலைப் பிடித்திருப்பதால்தான் காற்றாடி நிற்கிறது. சற்றுச் சாய்த்தால் சாய்த்த பக்கம் ஓடுகிறது. இந்தப் படகும் காற்றாடிதான், தண்ணீரில் விட்ட காற்றாடி. ஆறு அதைக் கீழே இழுக்கிறது, கம்பி விடமாட்டேன் என்கிறது. சுக்கானைத் திருப்பிப் படகைச் சற்றுச் சாய்த்தால், கீழே போக வழியில்லாத படகு பக்கவாட்டில் நழுவி அக்கரை சேர்கிறது. எதிர்ப்பக்கம் திருப்பினால் இக்கரை. சத்தம் கிடையாது, புகை கிடையாது.

சுக்கானைத் திருப்புவதற்குத்தான் அந்த இரும்புக் கை. நெஞ்சு உயரம், உச்சியில் இரு கையாலும் அணைத்துப் பிடிக்கும் அளவுக்கு ஒரு இரும்புக் குண்டு. கையை ஒரு பக்கம் தள்ளினால் குண்டின் கனத்தில் அங்கேயே சாய்ந்து கிடக்கும். நேராக நிமிர்த்தி உச்சியைத் தாண்டித் தள்ளினால்தான் மறுபக்கம் விழும். கை கரைப்பக்கம் கிடக்கும்வரை, வந்து சேர்ந்த படகை ஆறே துறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். கட்டக் கயிறு வேண்டாம்.

இது அவளுடைய அப்பா செய்த ஏற்பாடு. "கயிறு மாட்டுக்கு. என் படகுக்கு எதுக்கு?" என்பார் மனிதர். அவர் போய் ஏழு வருஷம் ஆகியும் அந்தக் குடும்பத்தில் யாரும் படகைக் கட்டியதில்லை. கட்டுவதை ஒரு மட்டமான காரியமாகவே நினைத்தார்கள்.

படகோடு திரும்பியபோது துறையில் அண்ணன் காத்திருந்தான். டிக்கெட் கொட்டகையிலிருந்து அவன் இறங்கி வருவதே அபூர்வம். இடது கால் முழங்காலோடு போனவன். ஊன்றுகோலை ஈரப் படியில் ஊன்ற அவனுக்குப் பிடிக்காது. இன்றைக்கு ஊன்றியிருந்தான்.

"இன்னுமா உனக்குப் புரியல?"

"என்ன புரியணும்?"

"பன்னெண்டு வருஷம் இந்தப் படகு ஒழுங்கா நின்னுச்சு. தூங்குமூஞ்சி திரும்பி வந்தான், படகு நடக்க ஆரம்பிச்சிடுச்சு. டிக்கெட் வாங்க வர்றவங்கல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. 'என்னப்பா, காவல்காரன் மறுபடி தூங்கிட்டானா'ங்கறாங்க."

"அவர் கோபுரத்து மேல கப்பிக்கு மசகு போட்டுக்கிட்டு இருந்தார். மேல இருந்துகிட்டே கையைத் திருப்பினாரா?"

"அவர்! மரியாதையெல்லாம் பலமா இருக்கு." அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "காலையிலேயே அவன்கிட்டச் சொல்லிட்டேன். சாயங்கால பஸ்ல கிளம்பிடுன்னு. சரின்னுட்டான்."

"நீ சொன்னா? நான் யாரு இந்த வீட்டுல?"

"என் தங்கச்சி. அதனாலதான் சொன்னேன். அவனைக் கட்டிக்கிட்டு நீ இந்தத் துறையில நிக்கறதை என்னால பார்க்க முடியாது, குட்டி. அவன் இருந்தா நான் இருக்க மாட்டேன்."

அண்ணனின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஒரு பனிமூட்ட இரவு, இந்தப் படகு காலியாக அக்கரை போய்ச் சேர்ந்தது. அங்கே பதுங்கியிருந்த எதிரிகளுக்கு அது தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. ஏறி வந்தார்கள். துறைக்கு மேலே முகாமில் தூங்கிக்கொண்டிருந்த படைப்பிரிவில் அண்ணனும் ஒருவன். கால் போனது. கூட இருந்தவர்கள் பலர் உயிரோடு இல்லை.

அன்று துறையில் காவல் நின்ற சிப்பாய்தான் இப்போது கோபுரத்தின் மேல் மசகு போடுபவன். விசாரணையில் அவன் பேசியது ஒரே வார்த்தை: "தூங்கிட்டேன்." சட்டையிலிருந்த பட்டையைப் பிய்த்தார்கள், சிறையில் போட்டார்கள். ஊர் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் வடம் பழுதுபார்க்கும் வேலைக்காரனாகத் திரும்பி வந்தான். போருக்கு முன்பே அவனுக்கு மனதில் இடம் கொடுத்திருந்த படகுக்காரி, திரும்பி வந்தவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. போன வாரம் அவளிடம், "அன்னிக்கு நான் தூங்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோபுரத்தில் ஏறிப் போய்விட்டான்.

இன்று அவளும் ஏறினாள்.

*

கோபுரத்தின் உச்சியில் இருவர் நெருக்கி உட்காரும் அளவு ஒரு பலகை. அவன் மசகு டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் துணிமூட்டை தயாராக இருந்தது.

"மூட்டையை மேல கொண்டுவந்து வச்சிருக்கீங்க? பஸ் இங்க வந்து ஏத்திக்குமா?"

"கீழ வச்சா உங்கண்ணன் உதைச்சு ஆத்துல தள்ளிடுவார். ஒரு காலுன்னாலும் குறி தப்பாது."

அவள் சிரிக்கவில்லை. "தூங்கலைன்னு சொன்னீங்க. அப்புறம் எதுக்குத் தூங்கினேன்னு சொல்லி ஜெயிலுக்குப் போனீங்க? இதைச் சொல்லாம நீங்க பஸ் ஏறினா, அந்த பஸ்ஸுக்கு முன்னால படுத்துடுவேன்."

"டிரைவர் நல்ல மனுஷன். பிரேக் போடுவார்."

"பேச்சை மாத்தாதீங்க."

அவன் மசகுத் துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். "என்னை ரோட்டைப் பார்த்து நிக்கச் சொன்னாங்க. எதிரி ரோடு வழியாத்தான் வருவான்னு நினைப்பு. ஆத்துக்கு முதுகு காட்டி நின்னேன். பனி வேற. படகு சத்தம் போடாது, உனக்கே தெரியும். திரும்பிப் பார்த்தப்போ இல்லை. பனி ஒரு நிமிஷம் விலகினப்போ நிலா வெளிச்சத்துல பார்த்தா, அக்கரையில கோடு போட்ட மாதிரி துறையோட ஒட்டி நின்னுச்சு. கை சரியா அந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு. நான் கத்தி எழுப்பறதுக்குள்ள எதிரிங்க ஏறிட்டாங்க."

"அதுக்கு?"

"அவ்வளவு நேர்த்தியா அந்தப் படகைக் கொண்டுபோய் நிறுத்த ஒரே ஆளாலதான் முடியும்."

அவளுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. "எங்கப்பாவையா சொல்றீங்க?"

"அவரோட அக்கா குடும்பம் அப்போ அக்கரையில மாட்டிக்கிட்டு இருந்தது. கூட்டிட்டு வரப் போயிருப்பார், அங்க ஏதோ ஆகி, படகை விட்டுட்டு நீந்தித் திரும்பியிருப்பார்னு நினைச்சேன். விசாரணையில நான் தூங்கலைன்னு சொன்னா அடுத்த கேள்வி என்ன? 'அப்போ யாரு எடுத்தது?' உங்கப்பாவைச் சுவரோரம் நிக்க வச்சுச் சுட்டிருப்பாங்க. தூங்கின சிப்பாய்க்கு ஜெயிலோட போச்சு."

கோபம் முதலில் வந்தது. அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கி அவன் மேலேயே எறிந்தாள்.

"பன்னெண்டு வருஷமா எங்கப்பாவை மனசுல குற்றவாளிக் கூண்டுல ஏத்தி வச்சிருக்கீங்க! அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அவர் ஒத்துக்கிட்டிருப்பார். அதான் கேக்கல."

இந்த ஆள் அவளுடைய அப்பாவைத் தப்பாக நினைத்தது நிஜம். அந்தத் தப்பான நினைப்புக்காகத் தன் வாழ்க்கையைக் கொடுத்ததும் நிஜம். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் கோபுரக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கீழே படகு நின்றது. அதையே பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று திரும்பினாள்.

"இன்னிக்கு மதியம் படகு எப்படி நின்னுச்சு?"

"அதே மாதிரிதான். கோடு போட்ட மாதிரி."

"இன்னிக்குக் கொண்டுபோனது யாரு? எங்கப்பாவா?"

அவன் பலகையின் விளிம்புக்கு நகர்ந்து கீழே எட்டிப் பார்த்தான்.

"எங்கப்பா இல்லாமலே அந்தப் படகு நேர்த்தியா நிக்குது! ஆறே அழுத்திப் பிடிச்சு நிறுத்துது. இக்கரையில நிறுத்துற மாதிரிதான அக்கரையிலயும் நிறுத்தும்? கை மாறினாப் போதும். படகோட்டியே வேண்டாம்." மூச்சு வாங்கியது. "கை எப்படி மாறுது? அது ஒண்ணுதான் கேள்வி. நீங்க மேலதானே இருந்தீங்க, என்ன பார்த்தீங்க?"

"யாரும் ஏறல. அதை உங்கண்ணன்கிட்டச் சொன்னேன். அவர் நம்பல."

"ஆளைப் பத்திக் கேக்கல. தண்ணியைப் பத்திக் கேக்கறேன்."

அவன் கண்ணை மூடி யோசித்தான். உயரத்தில் வேலை செய்பவர்களுக்குக் கீழே நடப்பது படமாக மனதில் பதிந்துவிடும். "தண்ணி கொஞ்சம் ஏறுச்சு. கலங்கலா வந்தது. அப்புறம்... துறைக்கு மேல்பக்கம் இருக்கற கல் தடுப்புக்குப் பின்னால நுரை வட்டமா சுத்துச்சு. கரையோரமா போன சருகு மேல்நோக்கிப் போச்சு. ஆத்துக்கு எதிரா."

"எதிராவா?"

"எதிரா போய், தடுப்புகிட்டத் திரும்பி, கரையிலேருந்து நடு ஆத்தைப் பார்த்து வந்தது. படகோட வால்பக்கம்."

அவள் பாதி ஏணி இறங்கியிருந்தாள். மேலே பார்த்துக் கத்தினாள்: "மூட்டையைப் பிரிங்க! நான் வர்றவரைக்கும் இறங்கக் கூடாது. இது உத்தரவு."

*

வீட்டு வாசலில் சைக்கிளை எடுக்கும்போது அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், பதறாதே. அண்ணனுக்குக் கால் போன அன்னிக்கு ராத்திரி அப்பா எங்க இருந்தார்?"

"எங்க இருப்பார்? என் பக்கத்துலதான். அவர் விட்ட குறட்டையில நான் கண்ணை மூடல. ரெண்டு தடவை விலாவுல இடிச்சேன். திரும்பிப் படுத்துத் திரும்ப ஆரம்பிச்சார். வெடிச் சத்தம் கேட்டும் முதல்ல அவர் எழுந்திருக்கல, நான்தான் தண்ணி தெளிச்சேன்."

"இதை ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"குறட்டை விட்டதை ஊரைக் கூட்டியா சொல்லுவாங்க? யாருடி கேட்டா?"

படகுக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தூங்கியது அப்பா, பெயர் வாங்கியது அவன்! அம்மாவின் ஈரக் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தாள்.

மழையே இல்லாமல் தண்ணீர் ஏறியதென்றால் அது மதகின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். மதகு அணை ஆற்றின் மேல்பக்கம், கரையோரச் சாலையில் கொஞ்ச தூரம். இரண்டு பெரிய இரும்புக் கதவுகள். பல்சக்கரத்தைச் சுற்றினால் மேலே ஏறும். மதகுக்காரர் நிழலில் உட்கார்ந்து சக்கரப் பல்லைத் துருப்பிடித்த கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த வாரம் மதகு திறக்கறீங்களா?"

"திறக்காம? கதவுக்கு அடியில ரப்பர் போயிடுச்சு. மதியம் ரெண்டு கதவையும் தூக்கித் தேங்கின தண்ணியை விட்டாத்தான் ஆளுங்க உள்ள இறங்க முடியும். ஒருநாள் விட்டு ஒருநாள்."

படகு போன நாட்களும் அவையேதான்.

"வழக்கமா எப்படித் திறப்பீங்க?"

"ஒண்ணைத்தான். இது திறந்தா அது மூடியிருக்கும். ரெண்டையும் ஒண்ணாத் தூக்கறது எனக்குத் தெரிஞ்சு இதுதான்..." அவர் நிறுத்தினார். கத்தி பல்லிலேயே நின்றது.

"இதுதான் முதல் தடவையா?"

"ஆமா."

"அண்ணே, எங்கப்பா உங்களை எத்தனை தடவை இனாமா அக்கரை கொண்டுபோயிருக்கார்?"

"இப்போ அதை எதுக்கு இழுக்கறே?"

"அவர் பேரும் ஒரு மனுஷனோட வாழ்க்கையும் இதுல இருக்கு. முன்னாடி ஒரு தடவை ரெண்டையும் தூக்கியிருக்கீங்க. அந்தப் பனி ராத்திரி. இல்லையா?"

மதகுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். நாலாபுறமும் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் பார்த்தார்.

"உத்தரவு டெலிபோன்ல வந்தது. கீழே ஆழம் இல்லாத இடத்துல எதிரி நடந்தே கடந்துடக் கூடாதுன்னு, ரெண்டையும் தூக்குன்னாங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டா என்னையும் உள்ள தள்ளிடுவேன்னார். ராணுவ ரகசியமாம். முகாமுக்குக்கூடச் சொல்லல."

"யாரு சொன்னது?"

"கேப்டன். விசாரணையில நடு நாற்காலியில உட்கார்ந்திருந்தாரே, அவரேதான்." பிறகு, சொல்லலாமா என்று யோசித்து, சொல்லியே விட்டார்: "போன மாசம் இங்க வந்தார், குட்டி. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. ரெண்டு மதகையும் எப்போ ஒண்ணாத் திறப்பீங்கன்னு கேட்டார். தேதி சொன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டார்."

எதற்கு வந்தார்? எதைத் தெரிந்துகொள்ள? ஆனால் பஸ் அதற்கெல்லாம் காத்திருக்காது. அந்தக் கேள்வியை மடித்து வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னிக்கு இன்னொரு தடவை திறப்பீங்களா?"

"மதியம்தானே திறந்தேன். ஆனா தண்ணி திரும்பத் தேங்கிடுச்சு, மிச்சத்தையும் விடணும்தான்..."

"நான் துறைக்குப் போய்ச் சேர்ற நேரம் கொடுங்க. அப்புறம் ரெண்டையும் தூக்குங்க."

*

அண்ணனைத் துறைக்கு வரவைக்க அம்மாவை முன்னால் விட வேண்டியிருந்தது. கோபுரக்காரனை இறங்கவைக்க ஒரு விரல் அசைத்தால் போதுமாயிருந்தது.

மூன்று பேரும் படிக்கட்டில் நின்றார்கள். அண்ணன் ஒரு மூலை, சிப்பாய் இன்னொரு மூலை. நடுவில் அம்மா, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு.

"என்ன கூத்து இது?" என்றான் அண்ணன். "பஸ்ஸுக்கு நேரமாகுது."

"நீ யாரையும் நம்ப வேண்டாம், அண்ணா. படகை நீயே நிறுத்து. அப்பா நிறுத்துற மாதிரி."

"எனக்குச் சொல்லிக் கொடுக்கறியா?" ஊன்றுகோலை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துப் படகில் இறங்கினான். இரும்புக் கையைக் கரைப்பக்கம் தள்ளினான். குண்டு 'டங்' என்று விழுந்தது. இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. ஏறி வந்தான். "இதைத் திருப்ப ஒரு ஆம்பளை வேணும்."

"நல்லது. இனி யாரும் படியை விட்டு இறங்கக் கூடாது."

காத்திருந்தார்கள். ஆறு எப்போதும் போல ஓடியது. துறைக்குச் சற்று மேலே, ஆற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கல் தடுப்பின் அடிக்கல்கூட நனையவில்லை.

அம்மா கொட்டாவி விட்டாள். அண்ணன், "போதும், குட்டி" என்று ஆரம்பித்தான்.

தண்ணீர் கலங்கியது.

முதலில் நிறம்தான் மாறியது. பிறகு ஒரு படி நனைந்தது, அதற்கு மேல் இன்னொன்று. தடுப்பின் கற்களில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. தடுப்புக்குப் பின்னால், படகு நிற்கும் இடத்தில், நுரை தயங்கி நின்றது. நின்ற நுரை மெல்ல வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு காய்ந்த இலை கரையோரமாக மேல்நோக்கிப் போனது, ஆற்றுக்கு எதிராக.

"பாரு," என்றாள்.

படகின் வால் ஒருமுறை நடுங்கியது. இரும்புக் கை படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கியது. விழுந்தது. மறுபடி தூக்கியது, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் உயரம். அம்மா சிப்பாயின் கையைப் பிடித்துக்கொண்டாள், யார் கை என்று பார்க்காமலே. இரும்புக் கை மூன்றாம் முறை எழுந்து, நேராக நிமிர்ந்து, உச்சியில் நின்று, எந்தப் பக்கம் என்று யோசிப்பதைப் போல ஒரு கணம் தயங்கி, அந்தப் பக்கம் விழுந்தது.

'டங்.'

படகு துறையை விட்டு விலகியது. அவசரமே இல்லாமல், ஆளே இல்லாமல், ஆற்றைக் குறுக்கே கடந்தது. மேலே கப்பி அதன் கூடவே உருண்டது. இன்றைக்குப் போட்ட மசகு, கீச்சென்ற சத்தம்கூட இல்லை. அக்கரைப் படியில் போய் ஒட்டி நின்றது. கோடு போட்ட மாதிரி.

அண்ணன்தான் முதலில் அசைந்தான். ஈரப் படியில் ஊன்றுகோலை ஊன்றி, ஒவ்வொரு படியாக, சிப்பாயின் பக்கம் போனான். நெருக்கத்தில் நின்று அவன் முகத்தைப் பார்த்தான்.

"நீ தூங்கல."

"இல்லை."

"அப்புறம் ஏன்டா பாவி தூங்கினேன்னு சொன்னே?"

சிப்பாய் அம்மாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாதான் எடுத்தார்னு நினைச்சிட்டார்," என்றாள் தங்கை. "அப்பாவுக்குப் பதிலா இவர் போயிட்டார்."

அம்மா பிடித்த கையை விடவில்லை. இன்னொரு கையால் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "முட்டாள் பையா! என்கிட்ட வந்து கேட்டிருந்தா குறட்டைக்குச் சாட்சி சொல்லியிருப்பேனே!"

சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சிப்பாய் திரும்பிப் பார்த்தான்.

"போகட்டும் விடு," என்றான் அண்ணன். "நாளைக்கு நீ பஸ் ஏறினா, டிக்கெட் வாங்க வர்றவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"நீதானே கொட்டகையில உட்கார்ந்திருக்கே," என்றாள் தங்கை.

"அதான் கேக்கறேன். நாளைக்குக் காலையில ஊரே வந்து நிக்கும். என்ன நடந்ததுன்னு நான்தான் ஒவ்வொருத்தனுக்கும் சொல்லணும். எனக்குப் புரியற மாதிரி, நிறுத்தி நிதானமா, ஒரு தடவை சொல்லு."

அவள் தடுப்பைக் காட்டினாள்.

"அப்பா இந்தக் கையைச் செஞ்சப்போ அந்தத் தடுப்பு கிடையாது. போர் ஆரம்பிச்சப்புறம் ராணுவம் கட்டினது. சாதாரணமா தண்ணி அதைத் தொடாது. வெள்ளம் வந்தா அது மேலேயே வழிஞ்சு ஓடிடும். ரெண்டு மதகையும் ஒண்ணாத் தூக்கினா மட்டும், தண்ணி தடுப்பு பாதி நனையற உயரத்துக்கு வந்து, அதுக்குப் பின்னால வட்டமா சுத்தும். சுத்தற தண்ணி சுக்கானைக் கரைப்பக்கத்துலேருந்து தள்ளும். அந்தப் பக்கத்துலேருந்து தண்ணி வரும்னு அப்பா நினைச்சதே இல்லை. கை உச்சியைத் தாண்டி விழுந்துடும், படகு தானா அக்கரை போயிடும். அந்த ராத்திரியும் ரெண்டு மதகையும் தூக்கியிருக்காங்க. மதகுக்காரர் இப்போ என்கிட்டச் சொன்னார். கையில ஒரு துளை போட்டு, நிறுத்தினதும் ஒரு ஆணி சொருகினா இனி நகராது. அன்னிக்கு ஆணி இல்லை. அதனால படகு போச்சு. அதை யாரும் எடுக்கல, அண்ணா. அப்பாவும் எடுக்கல, இவரும் விடல."